டிரெக்ட்சவுண்ட், வசாப்பி, ஏசியோ: எதைப் போட்டால் பாட்டு நன்றாகக் கேட்கும்?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, லாப்டொப்பில் பாட்டுக் கேட்கிற மென்பொருளில் அவுட்புட் என்ற இடத்தில் டிரெக்ட்சவுண்ட், வசாப்பி ஷெயார்ட், வசாப்பி எக்ஸ்க்ளூசிவ், ஏசியோ என்று நாலு வழி காட்டுது. எக்ஸ்க்ளூசிவ் போட்டால் பாட்டு தெளிவா இருக்கிற மாதிரி இருக்கு. நண்பன் அது மனப்பிரமை என்கிறான். எது சரி? அக்காவின் பாட்டையும் வீட்டிலேயே பதிவு செய்யப் போறோம். அதுக்கு எதைப் போடலாம்?"

தம்பி, நீங்கள் கேட்டது பொய்யில்லை. நண்பர் சொல்வதிலும் பாதி சரி. உங்கள் காதுக்கு வித்தியாசம் பட்டிருந்தால் அதற்குக் காரணம் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் அது எக்ஸ்க்ளூசிவ் முறை ஒலிக்குக் கொடுத்த அழகு அல்ல. மற்ற முறையில் வழியில் நின்று ஒலியைத் தொட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விலகியிருக்கிறது, அவ்வளவுதான். நான் உவர்மலையில் ஒரு சின்ன அறையில் பல வருடமாகப் பண்ணிசை, நாதஸ்வரம், பிள்ளைகளின் போட்டிப் பாட்டு என்று பதிவு செய்துவருகிறேன். இந்தக் கேள்வி எனக்கும் ஒரு காலத்தில் நித்திரையைக் கெடுத்த கேள்வி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. சீடியில் இருக்கிற பாட்டு என்பது ஒரு விநாடிக்கு, ஒரு பக்கத்துக்கு, 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 16 பிட். மென்பொருள் அந்த எண்களை எடுத்து டிரைவரிடம், அதாவது ஒலிக் கருவியை இயக்கும் சிறு மென்பொருளிடம், கொடுக்கிறது. டிரைவர் அதை டாக் என்கிற சில்லிடம் சேர்க்கிறது. அந்தச் சில்லுதான் எண்ணை மின்னலையாக்கி ஹெட்போனுக்கு அனுப்புகிறது. டிரெக்ட்சவுண்ட், வசாப்பி, ஏசியோ எல்லாமே மென்பொருளுக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள பாதையின் பெயர்கள். நாலு பாதையிலும் ஒரே எண்கள் வந்து சேர்ந்தால், எந்தப் பாதையால் வந்தது என்று சில்லுக்குத் தெரிய வழியே இல்லை. திருக்கடலூர்க் கரையில் ஏற்றிய மீன்பெட்டி ஹபரணை றோட்டால் போனாலும் ஹொரவப்பொத்தானை றோட்டால் போனாலும், நேரத்துக்குப் போய், இடையில் யாரும் மூடியைத் திறக்காமல் விட்டால், அதே மீன்தான். ஆகவே கேட்க வேண்டியது இரண்டு விஷயம்: வழியில் பெட்டியைத் திறந்தது யார்? நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா?

ஷெயார்ட் முறையில் திறப்பது விண்டோஸ். அது திறக்க வேண்டிய தேவையும் இருக்கிறது. நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது வட்ஸ்அப்பில் மெசேஜ் சத்தம் வரும், உலாவியில் ஒரு வீடியோ ஓடும். சில்லு ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துதான் அதற்குக் கொடுக்க முடியும். கலப்பதற்கு எல்லாம் ஒரே வேகத்தில், அதாவது விநாடிக்கு ஒரே எண்ணிக்கை எண்களாக, இருக்க வேண்டும். அதனால் சவுண்ட் செட்டிங்கில் 'டிஃபோல்ட் ஃபோர்மட்' என்று எந்த வேகம் போட்டிருக்கிறதோ, அந்த வேகத்துக்கு எல்லாவற்றையும் விண்டோஸ் மாற்றுகிறது. பல லாப்டொப்களில் அது 48,000 என்று இருக்கும். சீடிப் பாட்டின் 44,100ஐ 48,000 ஆக்குவதென்றால் ஒவ்வொரு 147 எண்ணுக்கும் பதிலாக 160 புதிய எண்களைக் கணக்கிட்டு வைக்க வேண்டும். கலப்பது 32 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் நடப்பதால் அங்கே இழப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில், பல ஒலிகள் கூடி உச்சத்தைத் தாண்டி வெடிக்காமல் இருக்க ஒரு லிமிட்டரும் இருக்கிறது.

டிரெக்ட்சவுண்ட் 1995இல் விளையாட்டுகளுக்காக வந்தது. இப்போதைய விண்டோஸில் அதுவும் போய் இதே கலவைக்குள்தான் விழுகிறது. அதனால் உங்கள் பட்டியலில் முதல் இரண்டும் பெயரில்தான் வேறு. எக்ஸ்க்ளூசிவ் முறையில் கலவை இல்லை. ஒரு மென்பொருள் சில்லைத் தனக்கென்று பிடித்துக்கொள்கிறது, கோப்பு எந்த வேகத்தில் இருக்கிறதோ அதே வேகத்தில் சில்லை ஓட வைக்கிறது. அந்த நேரம் வேறு எந்தச் சத்தமும் வராது. ஏசியோவும் கலவையைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் அது பாட்டுக் கேட்பதற்காகப் பிறந்ததே அல்ல. ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1997இல் ஒலிப்பதிவுக்காரருக்கு, தாமதம் குறைய வேண்டும் என்பதற்காக உருவாக்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

"ஏசியோ போடாமல் நல்ல சத்தம் வராது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொன்னால் விளங்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒலிகளைக் கலக்க கேமிக்சர் என்று ஒன்று நடுவில் இருந்தது. அது சுமார் 30 மில்லிவிநாடி தாமதத்தைக் கூட்டியது, வேகமாற்றமும் தரமாக இருக்கவில்லை. அந்தக் காலத்துச் சவுண்ட் கார்டுகளில் பலது 48,000இல் மட்டுமே ஓடும், எதைக் கொடுத்தாலும் தானாக மாற்றிக்கொள்ளும். அப்போது கேமிக்சரைச் சுற்றிப் போனவர்களுக்கு உண்மையிலேயே நன்மை இருந்தது. 2007இல் விஸ்டா வந்தபோது ஒலி அமைப்பு முழுவதையும் புதிதாக எழுதினார்கள், வசாப்பியும் அதோடு வந்தது. பழைய குறை போய்விட்டது. அறிவுரை மட்டும் வாய்வழியாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை நான் நம்பிக்கையாகச் சொல்வதற்குக் காரணம் ஒரு மாரிக்கால இரவு. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் பதிந்த மூன்று நிமிட நாதஸ்வரம் ஒன்று, 44,100இல் இருந்தது, உச்சம் மைனஸ் 3 டெசிபெலைத் தாண்டாது. அதை மூன்று முறையிலும் ஓட்டி, இன்டர்ஃபேசின் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) டிஜிட்டல் வெளியீட்டிலிருந்து நேராக இன்னொரு கணினியில் பதிந்தேன். பிறகு பதிவை மூலத்தோடு எண்ணுக்கு எண் நேர்ப்படுத்தி, ஒன்றின் அலையைத் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் கூட்டினேன். ஒரே எண்கள் என்றால் ஒன்றையொன்று அழித்துப் பூச்சியம் வர வேண்டும். ஏசியோவிலும் எக்ஸ்க்ளூசிவிலும் மீட்டர் அசையவே இல்லை, முழு மௌனம். ஷெயார்டில், வேகத்தை 44,100க்கு மாற்றி, வொலியூமை முழுதாக வைத்து, ஒலியை அழகுபடுத்தவென்று கணினி போடும் மேம்பாடுகள் எல்லாவற்றையும் நிறுத்தி ஓட்டியபோது எஞ்சியது மைனஸ் 90 டெசிபெலுக்கும் கீழே கிடந்தது. அந்த அறையில் எந்தக் காதுக்கும் எட்டாத அளவு அது. கடைசியாக, அதே ஷெயார்டில், சத்தத்தைச் சமப்படுத்தும் 'லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்' என்ற ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் சரி போட்டு ஓட்டினேன். இம்முறை எஞ்சியதில் நாதஸ்வரம் கேட்டது. பிருகாவும் தவிலின் சொல்லும் தெளிவாகவே கேட்டன. அத்தனையும் பாட்டிலிருந்து மாறிப்போன பகுதி. அன்றோடு எனக்குச் சந்தேகம் தீர்ந்தது: மாற்றுவது இந்த மாதிரிப் பெட்டிகள், டிரைவர் முறை அல்ல.

உங்கள் லாப்டொப்பிலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். கடையிலிருந்து வரும்போதே பல லாப்டொப்களில் ஒலியை 'அழகுபடுத்தும்' ஏதாவது போட்டுத்தான் வருகிறது. பேஸ் கூட்டுவது, சரவுண்ட், பேச்சைத் தூக்கிக் காட்டுவது என்று பல பெயர். சின்ன ஸ்பீக்கரில் படம் பார்க்க அது உதவும். நல்ல ஹெட்போனில் அதே வேலை பாட்டைக் கலங்கலாக்கும். எக்ஸ்க்ளூசிவ் முறை பெரும்பாலும் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது, ஆகவே திடீரென்று தெளிவு வந்த மாதிரி இருக்கும். சவுண்ட் செட்டிங்கில் உங்கள் ஹெட்போனைத் தெரிந்து, 'ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை ஓஃப் செய்யுங்கள். லாப்டொப்காரர் கொடுத்த தனிச் செயலி இருந்தால் அதற்குள்ளும் போய் நிறுத்துங்கள், சிலது அங்கே மறைந்திருக்கும். டிஃபோல்ட் ஃபோர்மட்டை நீங்கள் அதிகம் கேட்கும் பாட்டுகளின் வேகத்துக்கு மாற்றிவிட்டு, திரும்பவும் ஷெயார்டில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், வொலியூம். எக்ஸ்க்ளூசிவுக்குப் போனதும் பல கருவிகளில் விண்டோஸின் வொலியூம் குமிழ் வேலை செய்யாது, ஒலி முழு அளவில் போகும். முன்பு 85இல் கேட்டது இப்போது 100இல் கேட்கும். ஒரு டெசிபெல் கூடினால் நம் காது அதைச் 'சத்தம் கூட' என்று சொல்வதில்லை, 'தெளிவு கூட' என்றுதான் சொல்கிறது. எல்லா மனிதக் காதுக்கும் பொதுவான சங்கதி இது, உங்கள் காதின் குறை இல்லை. ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு முறையிலும் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். அக்காவைக் கணினிக்கு முன்னால் இருத்தி, நீங்கள் திரும்பி உட்காருங்கள். அவர் நாணயம் சுண்டிப் பார்த்து ஏதோ ஒரு முறையைப் போடட்டும், நீங்கள் எது என்று சொல்லுங்கள். பதினாறு தரம் செய்து, பன்னிரண்டு தரத்துக்கு மேல் சரியாகச் சொன்னால் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது. எட்டு ஒன்பதுக்குள் நின்றால் அது குருட்டு ஊகத்துக்குச் சமம்.

ஏசியோ வந்தால் 'நேரத் துல்லியம்' கூடும் என்று சிலர் சொல்வார்கள். இப்போதைய யூஎஸ்பி டாக்குகள் பெரும்பாலும் அசிங்க்ரனஸ் முறையில் ஓடுபவை. எண்கள் பொட்டலமாக வந்து டாக்கின் பஃபரில், அதாவது எண்களைக் கொஞ்ச நேரம் சேர்த்துவைக்கும் இடத்தில், சேர்கின்றன. அங்கிருந்து எப்போது எடுப்பது என்பதை டாக்கின் சொந்தக் கடிகாரம் தீர்மானிக்கிறது. கணினியில் என்ன டிரைவர் முறை என்பது அந்தக் கடிகாரத்தைத் தொடாது.

எக்ஸ்க்ளூசிவ் அல்லது ஏசியோ கட்டாயம் தேவைப்படும் இடங்களும் உண்டு. டிஎஸ்டி என்ற ஒரு பிட் முறையில் பதிந்த கோப்புகளை அப்படியே டாக்குக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஒரு பிட்டும் மாறக்கூடாது. 96,000, 192,000 என்று பல வேகக் கோப்புகள் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் செட்டிங்கை மாற்றும் வேலை மிச்சம். அது வசதிக்கான காரணம், நல்ல காரணம்தான்.

ஆனால் ஒரு இடத்தில் முறை மாறினால் ஒலி கண்முன்னே செத்துப்போகும். அது புளூடூத். ஹெட்போனில் பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், சூம் வகுப்புத் தொடங்கியதும் பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடும். மைக் திறந்த உடனே ஹெட்போன் பாட்டு முறையிலிருந்து 'ஹேண்ட்ஸ் ஃபிரீ' முறைக்கு மாறுகிறது. அதில் ஒலியின் வேகம் பெரும்பாலும் 16,000க்கு, பழைய கருவிகளில் 8,000க்கே விழுகிறது. அதில் பாதி உயரம்தான் கேட்கக்கூடிய மேல் எல்லை, அதாவது 8,000 அல்லது 4,000 ஹேர்ட்ஸ். தம்புராவின் மினுக்கத்தில் அதற்கு மேலே இருக்கிற பகுதி அப்படியே காணாமல் போகும். இங்கே இணையத்தில் பாட்டுப் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் புது ஹெட்செட் வாங்கிக் கொடுத்துவிட்டு, "இன்னும் சரியில்லை" என்று என்னிடம் வருவார்கள். வயருள்ள ஒரு சாதாரண ஹெட்போனைச் செருகி, மைக்குக்கு லாப்டொப்பின் சொந்த மைக்கைத் தெரிந்துவிட்டால் அந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

மைக் பக்கத்தில் இன்னொரு வில்லங்கம். இரைச்சல் நீக்கி, தானியங்கி அளவுக் கட்டுப்பாடு இரண்டும் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. சுருதிப்பெட்டி ஒரே மாதிரி நீளமாக ஒலிப்பதால் அவை அதை ஃபேன் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். பிள்ளை சுருதி பிடித்துத்தான் பாடும், ஆசிரியருக்குச் சுருதியே கேட்காது. சூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபோர் மியூசிஷன்ஸ்' என்பதைப் போட்டு, விண்டோஸில் மைக்கின் மேம்பாடுகளையும் நிறுத்துங்கள்.

சரி, அக்காவின் பதிவுக்கு வருவோம். டிரைவர் முறை உண்மையாகவே முக்கியமாவது இங்கேதான். அது ஒலியின் தரத்தைத் தொடுவதைவிட, பாடுகிறவரைத் தொடுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா தேவாரம் பதிய வந்தார். அறுபது வயதுக்கு மேல், கோணேசர் கோயிலில் கூட்டுப் பிரார்த்தனையில் பாடி வளர்ந்த குரல், சுருதி அசையாது. கச்சான் காற்றுக் காலம். யன்னலைச் சாத்தி, ஃபேனை நிற்பாட்டி, வியர்க்க வியர்க்கப் பாடினார். முதல் இரண்டு தடவையும் ஒவ்வொரு அடியின் கடைசியிலும் இழுவை. தாளம் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாவது தடவை பாடும்போது, ஒரு பக்க ஹெட்போனை மெல்லக் காதிலிருந்து தள்ளி, கன்னத்தில் வைத்துக்கொண்டார். தாளம் அந்த நிமிடமே நேரானது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், பஃபர் 1024இல் இருந்தது. முதல் நாள் பாட்டுக் கலவை செய்துவிட்டு நான்தான் அப்படியே விட்டிருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 48,000 வேகத்தில் 1024 எண் என்றால் 21 மில்லிவிநாடி. உள்ளே வர ஒரு தரம், வெளியே போக ஒரு தரம், கிட்டத்தட்ட 43. ஒலி காற்றில் ஒரு மில்லிவிநாடிக்கு 34 சென்ரிமீற்றர் போகும். அதனால் அந்த அம்மா தன் குரலைத் தானே சுமார் 15 மீற்றர் தள்ளி நின்று கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார். தொண்டையிலிருந்து எலும்பு வழியாக ஒரு குரல், ஹெட்போனில் பிந்தி இன்னொரு குரல். எது தன் குரல் என்று தெரியாமல், பிந்தியதற்காகக் காத்துக் காத்துப் பாடியிருக்கிறார். பஃபரை 128க்கு இறக்கினேன். ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிவிநாடி, இன்டர்ஃபேசின் சொந்தத் தாமதத்தையும் சேர்த்தால்கூட அறைக்குள் ஒருவர் எதிரே நின்று பாடுகிற தூரம். "இப்ப என்ர குரல் என்னோட நிக்குது தம்பி" என்றார். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. மிருதங்கக்காரருக்கு இதைவிடக் கஷ்டம், ஒவ்வொரு அடியும் இரட்டை அடியாகக் கேட்கும்.

ஏசியோவின் இடம் இதுதான். இன்டர்ஃபேசோடு அதன் நிறுவனமே கொடுக்கும் ஏசியோ டிரைவர் இருந்தால் அதையே போடுங்கள். அப்படி இல்லாத கருவிக்கு ஏசியோ ஃபோர் ஓல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது விண்டோஸின் சொந்த டிரைவரின் மேல் ஏசியோ முகத்தைப் போடுகிறது. உதவும், ஆனால் சொந்த டிரைவர் அளவுக்கு நிலையாக இருக்காது. இதை எல்லாம் விட எளிய வழி ஒன்று இன்டர்ஃபேசிலேயே இருக்கும்: 'டைரெக்ட் மொனிட்டர்' என்ற குமிழ். அதைத் திருப்பினால் மைக்கின் ஒலி கணினிக்குப் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும். அப்படிப் பதிந்தால் பஃபர் எவ்வளவு இருந்தாலும் பாடுகிறவருக்குக் கவலை இல்லை.

ஓடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவதென்றால் மேலே ஹோஸ்ட் என்ற இடத்தில் எம்.எம்.ஈ என்று இருக்கும். அது விண்டோஸின் ஆகப் பழைய முறை, தாமதமும் கூட. வசாப்பிக்கு மாற்றுங்கள், 24 பிட்டில் பதிய அதுதான் வழி. 24 பிட் கிடைத்தால் உச்சத்துக்குப் பயப்படாமல் மைனஸ் 12 டெசிபெலில் தாராளமாக இடம் விட்டுப் பதியலாம். அக்கா மேல் ஸ்தாயியில் ஒரு இடத்தில் குரலைத் திறந்தாலும் வெடிக்காது.

பஃபரை இறக்க இறக்கக் கணினிக்கு மூச்சு வாங்கும். நேரத்துக்கு எண்களைக் கொடுக்க முடியாமல் போனால் 'டிக், டிக்' என்று வெடிப்புச் சத்தம் வரும். அது பதிவிலும் விழும், பிறகு எடுக்க முடியாது. இதுவும் முறையால் வருகிற உண்மையான தரக்கேடு, அதுவும் மோசமான ஒன்று. 128இல் வந்தால் 256க்கு ஏற்றுங்கள். வைஃபையை நிறுத்துங்கள், பல லாப்டொப்களில் குற்றவாளி அதன் டிரைவர்தான். பவர் பிளானை 'ஹை பெர்ஃபோமன்ஸ்' ஆக்குங்கள். லேட்டன்சிமொன் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் வழியை மறிக்கிறது என்று பெயரோடு காட்டும்.

நம் ஊருக்கென்று ஒன்றிரண்டு. கடல் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று ஹெட்போன் ஜாக்கைப் பச்சை பிடிக்க வைக்கும். ஒரு பக்கம் மங்கலாகக் கேட்டால் டிரைவரைத் தேடும் முன் ஜாக்கைத் துடையுங்கள். பதிவில் 'ம்ம்ம்' என்ற அடித்தொனி இருந்தால் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ், எந்த முறையும் அதைத் தீர்க்காது.

அப்போ இரண்டு கேள்விக்கும் என் பதில் இது. கேட்பதற்கு மேம்பாடுகளை நிறுத்திவிட்டு ஷெயார்டிலேயே இருங்கள், எக்ஸ்க்ளூசிவ் விருப்பமென்றால் அதுவும் நல்லதே, காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். பதிவதற்கு ஏசியோ (ஓடாசிட்டியில் என்றால் வசாப்பி), பஃபர் 128, சுருதிப்பெட்டியைத் தனி ட்ராக்கில் வையுங்கள். முதல் பாட்டு முடிந்ததும் அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: ஹெட்போனை இரண்டு காதிலும் வைத்துப் பாட வசதியாக இருந்ததா என்று. இல்லை என்றால் பஃபரை இன்னொரு படி இறக்குங்கள், அல்லது அந்த டைரெக்ட் மொனிட்டர் குமிழைத் திருப்பிவிட்டு இன்னொருமுறை பாடச் சொல்லுங்கள்.